இடது கைக்குக் குளிரவில்லையாம்

இல்லை நர்சம்மா, எங்கள் வீட்டில் யாருக்கும் ஒன்றும் இல்லை. இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை, தேமல் இல்லை. மூன்றே பேர். நான், அவர், இந்தப் பாப்பா. பேர் தாரணி, ஒன்றரை வயசு முடிந்தது. ஊசியெல்லாம் போட்டாச்சு, அட்டை வேண்டுமென்றால் காட்டுகிறேன். எதற்கு இத்தனை கேள்வி? போன மாசம் ஒருத்தர் வந்து இப்படித்தான் வாசலில் நின்று எழுதிக்கொண்டு போனார். எதற்கென்று கேட்டால் மேலே கேட்டிருக்கிறார்கள் என்றார். மேலே யார் என்று அவருக்கே தெரியவில்லை.

அவர் வேலைக்குப் போயிருக்கிறார். தளி ரோட்டில் ரோஜாக் கம்பெனி இருக்கிறதே, பிளாஸ்டிக் கொட்டகை போட்டு, அங்கே பூ வெட்டுகிறார். ரெண்டு மணிக்கு ஷிப்ட் முடியும், சைக்கிளில் வந்து சேர மூன்றாகும். அவரையும் பார்த்துவிட்டுத்தான் போவேன் என்றால் உட்காருங்க. பாயில் வேண்டாம், பாப்பா ஈரம் பண்ணிவிட்டாள். அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொள்ளுங்க.

எதைப் பார்க்கிறீங்க? ஆணியில் தொங்குவதா? அது கிளவுஸ். நான் தைத்தது. இடது கை கிளவுஸ்.

ஜோடி எங்கே என்றா கேட்கிறீங்க? அது அவர் வலது கையில் போகிறது. இது மட்டும் ஏன் இங்கே தொங்குகிறது என்று நானும் மனசுக்குள் கேட்டுக்கொண்டிருக்கிறேன், கார்த்திகையிலிருந்து.

நான் யாரிடமும் அதிகம் பேசுகிறவள் இல்லை அக்கா. அக்கா என்று கூப்பிடலாமா? குழாயடியில் கூட எல்லோரும் போன பிறகுதான் குடம் எடுத்துக்கொண்டு போவேன். நாலாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோச்சு. பேசினால் ஏதாவது தப்பாக வந்துவிடும் என்று வாயை மூடிக்கொண்டிருப்பேன். ஆனால் கேட்டுவிட்டீங்க. வெளியூர்க்காரர் வேறு. உங்களிடம் சொன்னால் ஊருக்குள் பரவாது. பரவாதுதானே? அதையெல்லாம் எழுதாதீங்க.

எங்கள் ஊர் அரூர்ப் பக்கம். அங்கே மார்கழியிலும் வேர்க்கும். கல்யாணமாகி இந்த மேட்டுக்கு வந்த பிறகுதான் குளிர் என்றால் என்னவென்று தெரியும். அவர் காலையில் ஐந்து மணிக்குச் சைக்கிள் எடுப்பார். ஒன்பது கிலோமீட்டர். ஏரிக்கரைச் சரிவில் இறங்கும்போது பனி ஊசி மாதிரி ஏறும், விரல் கட்டையாகிவிடும், பிரேக்கைப் பிடிக்கிறோமா விடுகிறோமா என்றே தெரியாது என்பார். முதல் வருஷம் நான் புத்திசாலி மாதிரி கையில் பால் கவரைச் சுற்றி, அதற்கு மேலே துணி கட்டி அனுப்பினேன். உள்ளே வேர்த்து, அந்த வேர்வை ஜில்லிட்டு, சரிவில் பிரேக் பிடிக்க முடியாமல் உண்ணிச்செடிக்குள் போய் விழுந்தார். முகமெல்லாம் கீறல். வந்து நின்று சிரிக்கிறார். "பொண்டாட்டி பிராண்டிட்டான்னு கம்பெனியில சொல்லிட்டேன் புள்ள" என்கிறார்.

அதற்குப் பிறகு நானாக யோசித்துக் கற்றுக்கொண்டேன். கம்பளி உள்ளே இருக்கணும், காற்றைத் தடுக்கிறது வெளியே இருக்கணும். பழைய ஸ்வெட்டரின் கையை வெட்டி உள்ளே வைத்தேன். கிழிந்த பையின் ரெக்சினை மேலே வைத்துத் தைத்தேன். பாருங்க, விரலைத் தனித்தனியாக விடவில்லை. கட்டைவிரல் தனி. அடுத்த ரெண்டும் ஒரு அறை, பிரேக் பிடிக்க. கடைசி ரெண்டும் ஒரு அறை. ரெண்டு விரல் ஒரே அறையில் கிடந்தால் ஒன்றுக்கொன்று சூடு கொடுத்துக்கொள்ளும். காலுக்கும் அப்படித்தான். சாக்ஸ், அதற்கு மேலே விரலைச் சுற்றிப் பேப்பர், அதற்கு மேலே கவர், அப்புறம் கேன்வாஸ் ஷூ. ஷூவை இறுக்கிக் கட்டக் கூடாது, கட்டினால் ரத்தம் ஓடாமல் இன்னும் குளிரும். ரொம்பக் குளிருகிற அன்றைக்குக் கல்லுப்பை வறுத்துச் சின்ன மூட்டையாகக் கட்டி ரெண்டு கிளவுஸுக்குள்ளும் போட்டுவிடுவேன். ஏரி தாண்டும் வரைக்கும் சூடு நிற்கும்.

போன வருஷம் பூரா இதையெல்லாம் ஒழுங்காகப் போட்டுக்கொண்டு போனவர்தான். கம்பெனியில் எல்லோரிடமும் காட்டுவாராம், என் வீட்டுக்காரி தைத்தது என்று.

இந்த வருஷம் கார்த்திகை முடியப் போகிற சமயம், நல்ல பனி. கிளவுஸை எடுத்துக் கொடுத்தேன். வலது கையில் மாட்டினார். இடதை அந்த ஆணியில் மாட்டினார்.

"ஏங்க?"

"இதுக்குக் குளிரல புள்ள."

ஒரு கைக்குக் குளிர்கிறதாம், ஒரு கைக்குக் குளிரவில்லையாம். நீங்களே சொல்லுங்க அக்கா, உங்களுக்கு அப்படி எப்போதாவது ஆகியிருக்கிறதா? ஒரே உடம்புதானே? ஒரே பனிதானே?

ஏங்க என்றதோடு சரி. எனக்குக் கேட்க வராது. ஆனால் பார்க்க வரும். பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பக்கத்து வீட்டுக் கெம்பம்மா அக்காவிடம் மட்டும் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அது கையைத் தட்டிச் சிரித்தது. சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் சொல்லாவிட்டால் உங்களுக்குப் புரியாது. "அடி பைத்தியக்காரி, ஒத்தக் கையில ஹேண்டில் பாரப் பிடிச்சுக்குவான். இன்னொரு கை முன்னாடி உக்காந்து வர்றவ இடுப்புல இருக்கும். கிளவுஸ் போட்டுட்டுத் தொட்டா இடுப்பு தெரியுமாடி?" என்றது.

அன்றைக்கு ராத்திரி அவருக்கு மட்டும் சோறு போட்டேன்.

பிறகு பார்த்தால் எல்லாமே அந்தப் பக்கமாகத்தான் போகிறது. காப்பியைக் கொதிக்கக் கொதிக்க எவர்சில்வர் டம்ளரில் ஊற்றிக் கொடுக்கிறேன். என்னால் சேலைத் தலைப்பில்லாமல் பிடிக்க முடியாது. இவர் இடது கையில் வாங்கி அப்படியே பிடித்துக்கொண்டு எங்கேயோ பார்க்கிறார். மனசு இங்கே இருந்தால்தானே கை சுடும்?

ஒருநாள் ஒரே ஷூவோடு வந்தார். வலது காலில் ஷூ இருக்கிறது. இடது காலில் கிழிந்த சாக்ஸ், ரத்தம்.

"ஷூ எங்கேங்க?"

குனிந்து பார்த்துவிட்டு, "அட, எங்க கழண்டுச்சுன்னு தெரியலையே" என்கிறார். காலில் இருக்கிற ஷூ கழன்று விழுந்தால் மனுஷனுக்குத் தெரியாதா? ஒன்பது கிலோமீட்டர் வெறுங்காலில் பெடல் மிதித்துக்கொண்டு வந்திருக்கிறார், தெரியவில்லையாம்! கெம்பம்மா அக்கா உடனே சொல்லிவிட்டது, "யாரு வீட்டு வாசல்லயோ கழட்டிப் போட்டிருப்பான்."

"வாசலில் விட்டால் ரெண்டையும்தானே அக்கா விடுவார்கள்?"

"அவ புருஷன் வந்திருப்பான்டி. ஒண்ணை மாட்டறதுக்குள்ள ஓடி வந்திருப்பான்."

எனக்கு அது சரியாகத்தான் பட்டது.

சிரிக்கிறீங்களா? இல்லையா? முகம் ஒரு மாதிரி இருக்கிறதே. தண்ணீர் தரட்டுமா?

அப்புறம் ஒருநாள் இடது கை விரலில் ஒரு கட்டு. துணியைச் சுற்றி, அதற்கு மேலே மொட்டுக்குப் போடுகிற வலையை மாட்டியிருந்தது. ரோஜா மொட்டு பெரிசாக வளரட்டும் என்று ஒவ்வொரு மொட்டுக்கும் ஒரு வெள்ளை வலை மாட்டுவார்கள், இழுத்தால் இழுபடும், சாக்ஸைப் போல. அதை என் வீட்டுக்காரர் விரலில் எவ்வளவு அழகாக மாட்டியிருக்கிறது! ஆம்பளை கட்டின கட்டு இல்லை அது.

"யாரு கட்டினாங்க?"

"நாகவேணியக்கா."

ஒளிக்காமல் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் சந்தேகம். ஒளிக்காமல் சொன்னால் நம்பிவிடுவேன் என்று நினைக்கிறார்.

மறுநாள் அவருடைய சோற்று டப்பாவை நானே எடுத்து மறைத்து வைத்தேன். அவர் போன பிறகு பாப்பாவைத் தூக்கிக்கொண்டு, மறந்துவிட்டுப் போன சோற்றைக் கொடுக்கிற மாதிரி மினி பஸ் ஏறிக் கம்பெனிக்குப் போனேன். நான் தனியாகப் பஸ் ஏறியதே அன்றைக்குத்தான். கேட்டில் நின்றால் வாட்ச்மேன் "யாரும்மா" என்கிறார், நான் டப்பாவை நீட்டுகிறேன். அவர் "நாகவேணியக்கா" என்று குரல் கொடுக்க, உள்ளேயிருந்து ஒரு பொம்பளை வந்தது. பூவைப் பிரித்துக் கட்டுக் கட்டுகிற ஹாலில் சூப்பர்வைசராம். பூ வாடாமல் வைக்கிற ஐஸ் ரூமுக்குப் போய்விட்டு வந்திருக்கும் போல, பெரிய கோட்டு, தலையில் குல்லா. நாற்பத்தைந்து வயசிருக்கும். முன்பல் ஒன்று இல்லை. நான் வேறு மாதிரி நினைத்து வைத்திருந்தேன்.

"மாதேஷ் பொண்டாட்டியா நீ? நல்லவேளை வந்த" என்று ஆரம்பித்தது. "உன் புருஷனுக்கு என்ன வந்துச்சு? கையில முள்ளு ஏறி ரத்தம் ஒழுகுது, பூக்கட்டெல்லாம் கறை, அவன் பாட்டுக்கு வெட்டிக்கிட்டே போறான். நான் போய்ப் பிடிச்சு இழுத்துக் காட்டினா, 'அட ஆமாக்கா'ங்கிறான். காலையில வரும்போது அந்தக் கையைத் தொட்டுப் பாரு, நம்ம ஐஸ் ரூம் மாதிரி இருக்கு. அந்தக் கைக்கும் ஒரு கிளவுஸ் தைச்சுக் குடுக்க மாட்டியா?"

கேட்டீங்களா அக்கா? நான் தைத்துக் கொடுக்க மாட்டேனாம்! என்னைப் பார்த்து!

அந்த ஆத்திரத்தில் எனக்கு ஒன்றுதான் காதில் விழுந்தது. தொட்டுப் பார்த்திருக்கிறாள். ஐஸ் மாதிரி இருக்கிறது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? தொட்டால்தானே தெரியும்? ஐஸாக இருக்கிற கைக்குக் குளிரவில்லை என்று இவர் என்னிடம் சொல்கிறார். அப்படியென்றால் ஒன்று அவள் பொய், இல்லையென்றால் இவர் பொய். ரெண்டு பேரும் உண்மை சொல்வதாக இருக்க முடியாதே?

பஸ்ஸில் வரும்போது பாப்பா ஏன் அழுகிறாள் என்று பார்த்தால், அவள் கையை நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

இதற்கு மேலே சொல்ல வேண்டாம் என்று பார்க்கிறேன். இருந்தாலும் இவ்வளவு சொல்லியாச்சு.

முந்தாநாள் நடந்தது. காலையில் கல்லுப்பை எடுத்து வறுத்தேன். எப்போதும் லேசாக வறுப்பேன், வெடிக்க ஆரம்பித்தால் இறக்கிவிடுவேன். அன்றைக்கு இறக்கவில்லை. சட்டி கருகுகிற வரைக்கும் விட்டேன். மெல்லிய துணியில் கட்டினேன், ஒரே மடிப்பு. வேண்டுமென்றேதான் செய்தேன். நல்லாச் சுடட்டும் என்றுதான். ஐயோ என்று ஒரு தடவை கத்தட்டும், கத்தினால் என் நினைப்பு வரும் என்றுதான். "இடது கைக்கும் போட்டுக்கிட்டுப் போங்க, என் திருப்திக்கு" என்று ரெண்டு கிளவுஸையும் நானே மாட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு மூட்டையை உள்ளே தள்ளி அனுப்பினேன். நான் பிடிவாதம் பிடித்து அவர் பார்த்ததில்லை. சிரித்துக்கொண்டே போட்டுக்கொண்டு போனார்.

மத்தியானம் வந்தார். வலது பக்கத்து மூட்டையைக் காணோம். "சுட்டுப்போச்சு புள்ள, நம்ம தெருமுனை தாண்டறதுக்குள்ள உதறிப் போட்டுட்டேன். கொலைகாரி" என்று சிரிக்கிறார். வலது கையில் ஒரு காயமும் இல்லை.

"இடது பக்கத்தது?"

"அதுல சூடே இல்லையே. கம்பெனி வரைக்கும் உள்ளயே கிடந்துச்சு."

ஒரே சட்டி அக்கா. ஒரே உப்பு. ஒரே அடுப்பு. ஒன்று சுடுகிறது, ஒன்று சுடவில்லையாம். பொய் சொன்னாலும் பொருந்துகிற மாதிரி சொல்லத் தெரியவில்லை அவருக்கு.

கிளவுஸைக் கழற்றச் சொன்னேன். சுண்டுவிரலுக்குக் கீழே, உள்ளங்கை ஓரமாக, கோலிக்குண்டு அளவுக்கு மூன்று கொப்புளம். "என்னமோ பட்டிருக்கு போல" என்கிறார். என் உப்பில் சூடே இல்லை என்றால் கொப்புளம் எங்கிருந்து வந்தது? அவள் வீட்டு அடுப்பில் சட்டி இறக்கிக் கொடுத்திருக்கிறார். வேறென்ன? என் வீட்டில் ஒரு டம்ளர் கழுவி வைத்ததில்லை, அங்கே போய்ச் சட்டி இறக்குகிறார். இதுதான் நான் கண்டுபிடித்தது. நாளைக்கு அரூருக்குப் போய் எங்கள் அண்ணனிடம் சொல்லலாம் என்று துணியெல்லாம் எடுத்து வைத்திருக்கிறேன். அதோ, அந்தக் கட்டைப் பைதான்.

ஏன் எழுதுவதை நிறுத்திவிட்டீங்க?

எந்தக் கை என்றா? அதைத்தானே இவ்வளவு நேரம் சொன்னேன். இடது. காலும் இடதுதான். விரலா? ஆமாம், கடைசி ரெண்டு விரலும் கொஞ்சம் மடங்கினாற்போலத்தான் இருக்கிறது. நீட்டுங்க என்றால் முழுசாக நீட்ட மாட்டார். கத்திரி பிடித்துப் பழகிவிட்டது போல. இல்லை, கத்திரி வலது கையில்தான் பிடிப்பார்.

முழங்கைக்கு மேலே வெளுத்த மாதிரி ஒரு இடமா?

உங்களுக்கு எப்படித் தெரியும் அது?

நான் கேட்கிறேன், உங்களுக்கு எப்படித் தெரியும்? அவர் முழுக்கை சட்டை போடுகிறவர். இந்தத் தெருவில் யாரும் அதைப் பார்த்ததில்லை. நீங்கள் இதற்கு முன்னால் அவரைப் பார்த்திருக்கிறீங்களா? கம்பெனிப் பக்கம் போயிருக்கிறீங்களா? நாகவேணி அனுப்பி வந்தீங்களா? ஆமாம், முதலில் தேமல் இல்லை என்றுதான் சொன்னேன். அது தேமல் இல்லையே, கொட்டகையில் மருந்து அடிக்கும்போது பட்டது என்று அவர் சொன்னார். அரிக்காது, எரியாது. ரெண்டு வருஷமாக இருக்கிறது.

மெதுவாகச் சொல்லுங்க. அந்தப் பேரை மெதுவாகச் சொல்லுங்க. சுவருக்கு அந்தப் பக்கம் கெம்பம்மா அக்கா இருக்கிறது.

தொழுநோய் என்றால், அது கோயில் வாசலில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு வருகிறதுதானே? இவர் தினமும் குளிக்கிறார் அக்கா. வெள்ளையாகத் துவைத்துப் போடுகிறேன். நரம்பு செத்துப்போனால் குளிரும் தெரியாதா? சூடும் தெரியாதா? முள்ளும் தெரியாதா? ஷூ கழன்றாலும்? அப்படி ஒன்று இருக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லவில்லையே. நாலாவது வரைக்கும் படித்ததில் அது வரவில்லையே.

மாத்திரை இருக்கிறது என்கிறீங்க. பைசா இல்லாமல் ஆஸ்பத்திரியில் தருவார்கள் என்கிறீங்க. ஒரு வருஷம் விடாமல் போட்டால் போய்விடும், வீட்டிலேயே இருக்கலாம், பாப்பாவைத் தூக்கலாம் என்கிறீங்க. சரி. விட்டால் விரல் மடங்கிக் கத்திரியும் பிடிக்க முடியாது, பிரேக்கும் பிடிக்க முடியாது என்கிறீங்க. கேட்டுக்கொண்டேன். எல்லாம் கேட்டுக்கொண்டேன். ஆனால் உங்களுக்கும் உறுதியாகத் தெரியாதுதானே? தொட்டுப் பார்த்தால்தான் தெரியும் என்று நீங்களே சொன்னீங்க.

அப்படியென்றால் நாகவேணியாகவே இருக்கட்டும் அக்கா.

அவளாகவே இருக்கட்டும். சைக்கிளில் முன்னால் உட்காரவைத்துக்கொண்டு போகட்டும். இடுப்பைப் பிடித்துக்கொண்டு போகட்டும். அவள் வீட்டுச் சட்டியே சுட்டதாக இருக்கட்டும். நான் ஒன்றும் கேட்க மாட்டேன். அண்ணனிடம் போக மாட்டேன். ஏனென்றால் அது அவள் சட்டி இல்லையென்றால், அது என் உப்பு.

சைக்கிள் பெல் அடிக்கிறது. வந்துவிட்டார்.

ஏங்க, உள்ளே வாங்க. நர்சம்மா வந்திருக்காங்க. ஒன்றுமில்லை, எல்லா வீட்டுக்கும் வருகிறார்கள். பாப்பாவை அப்புறம் தூக்கலாம், முதலில் இப்படி உட்காருங்க. சட்டையை மடித்து விடுங்க. ரெண்டு கையையும் நீட்டுங்க.

கை ஜோசியமா என்று கேட்கிறார் பாருங்க. எதற்கெடுத்தாலும் சிரிப்பு. கண்ணை மூடிக்கச் சொல்கிறாங்க, மூடுங்க. பேனாவில் தொடுவாங்களாம், தொட்ட இடத்தில் விரலை வைத்துக் காட்டணுமாம். அவ்வளவுதான். பார்க்கக் கூடாது.

வலது கை. சரியாகக் காட்டினார். இன்னொன்று, அதுவும் சரி. பார்த்தீங்களா அக்கா, எவ்வளவு டக்கென்று காட்டுகிறார். இப்போது இடது. கட்டைவிரல். காட்டிவிட்டார்! அக்கா, காட்டிவிட்டார்! நான் சொன்னேன்ல? நடுவிரல், அதுவும் காட்டிவிட்டார், கொஞ்சம் யோசித்தார், ஆனாலும் காட்டிவிட்டார்.

இப்போது சுண்டுவிரல்.

வைத்துவிட்டீங்களா? வைத்துவிட்டீங்க. மை ஒட்டியிருக்கிறது, எனக்குத் தெரிகிறது. அதற்குக் கீழே ஒன்று. கொப்புளத்துப் பக்கத்தில் ஒன்று. மூன்று புள்ளி ஆகிவிட்டது.

ஏங்க.

அவர் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தபடி உட்கார்ந்திருக்கிறார். "என்ன மேடம், டீ குடிக்கப் போயிட்டீங்களா? ஆரம்பிங்க" என்கிறார்.

அக்கா, இன்னொரு தடவை வையுங்க. கொஞ்சம் அழுத்தி வையுங்க அக்கா.